இரண்டு வாரம் வராதவனை எந்த கேம் சேர்த்துக்கொள்ளும்?

சில வருடங்களுக்கு முன் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு கோ-ஆப் ஷூட்டர், அதாவது நண்பர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கி கேம், ஆட ஆரம்பித்தோம். பெயர் வேண்டாம். முதல் பத்து நாள் அமர்க்களம். அப்புறம் எனக்கு வேலை கூடிப்போய் இரண்டு வாரம் அந்தப் பக்கமே தலைவைக்க முடியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் மற்ற இருவரும் என்னைவிடப் பதினெட்டு லெவல் மேலே. ஒரு முழு மேகஸினைக் காலி செய்தாலும் எதிரியின் ஹெல்த் பார் அசையவில்லை. அவனோ ஒரே அடியில் என்னைச் சாய்த்துவிட்டான். "இந்தா, இதை வச்சுக்கோ" என்று நண்பன் ஒரு நல்ல துப்பாக்கியைத் தரையில் போட்டான். அதைக் கையில் பிடிக்கவே நான் இன்னும் பதினைந்து லெவல் ஏற வேண்டியிருந்தது. அன்று இரவு முழுக்க மூட்டை தூக்குகிறவன் மாதிரி அவர்கள் பின்னால் ஓடினேன். அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரம் யாருமே போகவில்லை.

இப்போது அதே மூன்று பேர் மறுபடி சேர்ந்திருக்கிறோம். இந்த முறை ஒரே ஒரு விதி. கிராபிக்ஸ், விமர்சன மதிப்பெண், யூடியூபில் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி: நம்மில் ஒருவன் இரண்டு வாரம் காணாமல் போய்த் திரும்பி வந்தால் இந்த கேம் அவனை என்ன செய்யும்?

எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் முடிவு புரியாது. ஒருவனுக்கு நேரம் நிறைய. தினமும் ஆடுவான், தூங்கச் சொன்னாலும் ஆடுவான். இன்னொருவன் புது அப்பா. குழந்தை தூங்கிய பிறகு முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது, அதிலும் எந்த நொடியில் எழுந்து ஓட வேண்டியிருக்கும் என்று அவனுக்கே தெரியாது. போதாததற்கு அவனுடைய கணினி கொஞ்சம் பழசு, துப்பாக்கி கேமில் குறி பார்க்கும் கையும் அப்படித்தான். நான் இந்த இருவருக்கும் நடுவில்.

ஒவ்வொரு கேமையும் நான்கைந்து மணி நேரம் ஆடிப் பார்த்தோம். ஆக, இங்கே இருப்பதெல்லாம் முதல் அபிப்பிராயம். நூறு மணி நேரம் ஆடியவர்கள் "அதுக்கப்புறம்தான் கேமே ஆரம்பிக்குது" என்பார்கள். இருக்கலாம். நான்கு மணி நேரத்தில் பிடிக்காததை நூறு மணி நேரம் ஆட எங்களிடம் ஆள் இல்லை.

லெவல் ஏன் இவ்வளவு பெரிய தலைவலி என்று இந்த வகைக்குப் புதியவர்கள் கேட்கலாம். வெறும் ஷூட்டர் என்றால் கைப்பழக்கம்தான் எல்லாம். குறி பார்க்கத் தெரிந்தவன் ஆறு மாதம் கழித்து வந்தாலும் பிழைத்துக்கொள்வான். ரோல்-பிளேயிங் கேமில் உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது: உன் லெவல், துப்பாக்கியின் லெவல், எதிரியின் லெவல், எந்தத் திறனில் எத்தனை புள்ளி போட்டிருக்கிறாய் என்று. இரண்டையும் கலந்தால், நீ எதிரியின் நெற்றிப்பொட்டிலேயே அடித்தாலும் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் அவன் சாக மாட்டான். 2009-இல் கியர்பாக்ஸ் நிறுவனத்தின் பார்டர்லேண்ட்ஸ் இந்தக் கலவையை நான்கு பேர் சேர்ந்து ஆடும் வடிவத்தில் பிரபலமாக்கியது. 2012-இல் வந்த இரண்டாம் பாகத்தை இன்றும் பலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதில் நம்மைவிட ரொம்ப மேலே இருக்கும் எதிரியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மண்டை ஓடு தெரியும். பின்தங்கியவனுக்கு அந்த மண்டை ஓடுதான் வரவேற்பு. செத்த எதிரியிடமிருந்து விழும் துப்பாக்கி முதலான சாமான்களும் பொது. யார் முதலில் பாய்ந்து எடுக்கிறானோ அவனுக்கே. நட்புக்கு நல்லதில்லை. அதனால் இரண்டாம் பாகத்தை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிட்டோம்.

பார்டர்லேண்ட்ஸ் 3

2019 செப்டம்பரில் வந்த மூன்றாம் பாகம் இந்தப் புகாரைக் காதில் வாங்கியிருக்கிறது. ஆரம்பத்திலேயே இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஒன்று பழைய மாதிரி: சாமான் பொது, எதிரியின் லெவல் எல்லோருக்கும் ஒன்று. இன்னொன்றில் ஒவ்வொருவர் கண்ணுக்கும் அவரவர் சாமான் மட்டும் தெரியும். எதிரியின் லெவலும் அவரவருக்கு ஏற்ப மாறும்.

இதை நம்பாமல் சோதித்துப் பார்த்தோம். தினமும் ஆடுகிறவனைத் தனியாக ஆடி இருபதாம் லெவலுக்குப் போகச் சொன்னோம் (அவனுக்கு அது ஒரு தண்டனையாகவே தெரியவில்லை). அப்புறம் நாங்கள் இருவரும் ஆறாம் லெவலில் போய்ச் சேர்ந்தோம். ஒரே மணல்மேடு, ஒரே முரட்டு ஆள் கோடரியோடு ஓடி வருகிறான். நண்பன் திரையில் அவன் 20-ஆம் லெவல், என் திரையில் 6-ஆம் லெவல். என் தோட்டா பட்டால் அவனுக்கு ஐம்பது அறுபது என்று எண் பறக்கிறது, நண்பனுக்கு நூற்றுக்கணக்கில். ஆனால் ஹெல்த் பார் குறையும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். நான் சுட்டாலும் செத்தான், அவன் சுட்டாலும் செத்தான். பதினெட்டு லெவல் பட்ட பழைய புண்ணுக்கு அன்றைக்குத்தான் மருந்து கிடைத்தது. ஒன்று மட்டும் மாறவில்லை: இருபதாம் லெவல்காரன் அன்பாகப் போடும் துப்பாக்கியை ஆறாம் லெவல்காரன் இன்னும் பிடிக்க முடியாது. ஆனால் எனக்கு என் லெவலில் சாமான் கொட்டிக்கொண்டே இருப்பதால் தானம் தேவைப்படவில்லை.

இந்த கேமில் எனக்கு அதிகம் பிடித்தது கீழே விழுவது. உயிர் போனதும் திரை மங்கி ஒரு நேரக்கணக்கு ஓடத் தொடங்கும். அதற்குள் தவழ்ந்தபடியே யாராவது ஒரு எதிரியை முடித்துவிட்டால் எழுந்து நின்றுவிடலாம். நண்பன் வந்து தூக்கிவிடவும் செய்யலாம். இரண்டாம் நாள் எங்கள் புது அப்பா ஒரு பாறைக்குப் பின்னால் விழுந்துவிட்டான். நான் அவனை நோக்கி ஓடும் வழியில், கால் பங்கு உயிரோடு தள்ளாடிக்கொண்டிருந்த ஒருவனைப் பழக்கதோஷத்தில் சுட்டேன். ஹெட்செட்டில் ஒரே அலறல்: "டேய், அவனை ஏண்டா சுட்டே! அவனை வச்சுத்தான்டா நான் எழுந்திருக்கணும்!" அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பெரிய பாஸோடு, அதாவது எளிதில் சாகாத தலைமை எதிரியோடு, மோதும்போது சின்ன எதிரி ஒருவனை வேண்டுமென்றே உயிரோடு விட்டுவைக்கிறோம். அவன் எங்கள் காப்பீடு. யாரும் சொல்லித்தராமல் கேமே இப்படி ஒன்றைக் கற்றுக்கொடுப்பது அழகுதான்.

பாத்திரங்கள் நான்கு. அமாரா மாயக் கைகளால் அடிப்பவள். ஃபிளாக் வளர்ப்பு மிருகத்தோடு வரும் ரோபோ. ஸேன் தன்னையே நகலெடுத்து நிறுத்தும் ஆசாமி. நான்காவது மோஸ், 'அயர்ன் பேர்' என்ற பெரிய இயந்திரக் கரடியை வரவழைத்து அதற்குள் ஏறிக்கொள்பவள். அந்தக் கரடியின் முதுகில் இன்னொரு ஆட்டக்காரர் ஏறி உட்கார்ந்து சுடுவதற்கு ஒரு இருக்கை உண்டு. தினமும் ஆடுகிறவன் மோஸை எடுத்தான், புது அப்பா முதுகில் ஏறிக்கொண்டான். குறி பார்க்கத் தடுமாறுகிறவனுக்கு, ஓட்டுகிற பொறுப்பு இல்லாமல் சுடுகிற சந்தோஷம் மட்டும். எரிபொருள் தீர்ந்து கரடி மறையும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறக்கிவிட்ட மாதிரி புலம்புவான்.

துப்பாக்கிகளைப் பற்றியே தனியாக எழுதலாம். எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். டெடியோர் கம்பெனித் துப்பாக்கியை ரீலோட் செய்வது என்றால் அதை எதிரி மேல் வீசுவது. அது வெடிக்கும், கையில் புதிதாக ஒன்று வந்து நிற்கும். ஜேக்கப்ஸ் துப்பாக்கிகள் பழைய கௌபாய் பாணி, விரல் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம். மாலிவான் என்றால் நெருப்பு, மின்சாரம், அமிலம். கம்பெனியைப் பார்த்தே "எனக்கு வேண்டாம், உனக்கு வேணுமா" என்று பேசப் பழகிவிட்டோம்.

குறையா? வாய். கேம் முழுக்க யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வில்லன்களான கலிப்ஸோ இரட்டையர்கள் ரேடியோவில் பேசுகிறார்கள், கிளாப்டிராப் என்ற ரோபோ பேசுகிறது, வேலை கொடுப்பவர்கள் பேசுகிறார்கள், பாதிக்கு மேல் மொக்கை ஜோக். மூன்று பேர் மைக்கில் பேசிக்கொண்டே ஆடும்போது இது சந்தைக்கடை ஆகிவிடும். அமைப்பில் போய்ப் பேச்சின் ஒலியைப் பாதியாகக் குறைத்தோம். கதை புரியாதே என்றால், சரி, புரியவில்லை. இரண்டு வாரம் வராமல் நடுவில் வந்து சேருகிறவனுக்கும் அப்படித்தான். பார்டர்லேண்ட்ஸில் கதையை விட்டுவிட்டதற்காக யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

ரெம்னன்ட் 2

நேராகச் சொல்லிவிடுகிறேன்: தனிப்பட்ட முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கன்ஃபயர் கேம்ஸின் தயாரிப்பு, 2023 ஜூலையில் வந்தது. மூன்று பேர் வரை ஆடலாம். எங்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் ஷூட்டர். ஆனால் நடை முழுக்க அந்தக் கடினமான வாள்சண்டை கேம்களுடையது: உருண்டு தப்பி, நிதானமாக ஒரு குண்டு, மறுபடி உருண்டு. உலகக்கல் என்ற ஓய்விடத்தில் கை வைத்து இளைப்பாறினால் உயிர் நிறையும். கூடவே செத்த எதிரிகளும் திரும்பி வந்துவிடுவார்கள்.

மூன்று பேரும் தனித்தனியாக ஆரம்பப் பகுதியை முடித்து, வார்டு 13 என்ற முகாமுக்கு வந்து, ஆளுக்கொரு உலகத்தைத் திறந்தோம். நான் போய் விழுந்தது யேஷா. பெரிய மரங்களும் இடிந்த கற்கோயில்களும். தினமும் ஆடுகிறவன் லோஸோமில், தீப்பந்தம் பிடித்துக்கொண்டு துரத்தும் கும்பலுக்கு நடுவில். புது அப்பாவுக்கு நெருட், அதாவது ஆள் அரவமற்ற வேற்றுக்கிரகப் பாலை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் "நீ எங்கே இருக்கே?" என்று கேட்டுக்கொண்டோம். வரிசை மட்டுமில்லை, ஒரே உலகத்துக்குள் வரும் பாதைகளும் பாஸ்களும் கதையும்கூட ஆளுக்கு ஆள் மாறும்.

எங்கள் கேள்விக்கு இந்த கேம் தரும் பதில் வேறு மாதிரியானது. கதையின் முன்னேற்றம் ஹோஸ்ட்டுக்கு, அதாவது தன் உலகத்தைத் திறந்து மற்றவர்களைச் சேர்த்துக்கொள்கிறவனுக்கு, மட்டும். சேர்ந்து ஆடப் போனவன் சாமானையும் அனுபவப் புள்ளிகளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். அவன் உலகம் விட்ட இடத்திலேயே இருக்கும். முதலில் இது அநியாயமாகப் பட்டது. யோசித்துப் பார்த்தால், இரண்டு வாரம் வராதவனின் உலகத்தைத் திறந்து மற்ற இருவரும் அங்கே போய்விடலாம். எங்கள் இருவருக்கும் அது பழைய பாடத்தை மறுபடி படிக்கிற மாதிரி இருக்காது, ஏனென்றால் அவனுடைய யேஷா என்னுடைய யேஷா இல்லை. பின்தங்கியவனோடு போவதை ஒரு சலுகையாக இல்லாமல் ஆசையாக ஆக்கியிருக்கிறார்கள். யாராவது ஒருவர் மோதிரமோ ஆயுதமோ எடுத்தால் அது எல்லோருக்கும் கிடைக்கும் என்பதால் அந்தச் சண்டையும் இல்லை.

சண்டை வேறு இடத்தில் வருகிறது. இதில் நண்பன் மேல் படும் தோட்டாவும் காயப்படுத்தும். குறுகலான ஒரு நடைபாதை, எதிரில் இரண்டு பேர் வருகிறார்கள், நான் முன்னால் நிற்கிறேன், புது அப்பா பின்னாலிருந்து ஷாட்கன்னோடு உதவிக்கு வருகிறான். எதிரி தப்பித்தான், நான் விழுந்தேன். "மன்னிச்சுக்கோடா" என்றான். மூன்றாவது முறை மன்னிப்பும் நின்றுவிட்டது, சிரிப்புதான் வந்தது. அதற்குப் பிறகு கதவுகளில் யார் இடது பக்கம் யார் வலது பக்கம் என்று பேசி வைத்துக்கொண்டு நுழைகிறோம். மற்ற எந்த கேமிலும் நாங்கள் நண்பன் எங்கே நிற்கிறான் என்று திரும்பிப் பார்த்ததே இல்லை. இதில் பார்க்காமல் இருக்க முடியாது. 'சேர்ந்து ஆடுவது' என்ற சொல்லுக்கு இந்த ஆறு கேம்களில் அதிக நியாயம் செய்வது இதுதான் என்று நான் நினைப்பதற்கு அதுவே காரணம்.

பாத்திர வகைகளில் ஹேண்ட்லருக்கு ஒரு நாய் உண்டு. விழுந்தவரை அது வந்து எழுப்பிவிடும். மெடிக் தரையில் ஒரு குணமாக்கும் ஊற்றை வைப்பார். குறி சுமாரான ஆளுக்கு மெடிக்கைக் கொடுத்தால் அணிக்கே லாபம், கொடுத்தோம்.

பிறகு ஏன் இதை எடுக்கவில்லை? பாஸ்கள். எட்டு முறை, பத்து முறை செத்து, ஒவ்வொரு முறையும் "இப்ப தெரிஞ்சுபோச்சு, இன்னொரு தடவை" என்று போவதுதான் இந்த கேமின் ருசி. முக்கால் மணி நேரத்தோடு வருகிறவனுக்கு அந்த முக்கால் மணியும் ஒரே பாஸிடம் போய்விடும். அதிலும் சேர்ந்து ஆடும்போது நிறுத்திவைக்க வழியில்லை. பாஸின் உயிர் கால்வாசிக்கு வந்த நேரத்தில் அடுத்த அறையில் அழுகை கேட்டது. அவன் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான். திரையில் அவன் மெடிக் நின்ற இடத்திலேயே நின்று மிதிபட்டுச் செத்தார். நாங்களும் போனோம். யார் மேலும் தப்பில்லை, ஆனால் அந்த இரவு அதோடு முடிந்தது.

வார்ஃப்ரேம்

முழுக்க இலவசமாகத் தொடங்கக்கூடியது. கனடாவின் டிஜிட்டல் எக்ஸ்ட்ரீம்ஸ் 2013-இல் வெளியிட்டு இன்றுவரை புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நான்கு பேர் வரை ஆடலாம். கேமின் உண்மையான கதாநாயகன் துப்பாக்கி இல்லை, தாவல். குனிந்தபடி தாவும் பட்டனை அழுத்தினால் உடம்பு திருகாணி மாதிரி சுழன்றுகொண்டு சுவருக்குச் சுவர் பறக்கும். முதல் ஒரு மணி நேரம் நான் எதிரியையே கவனிக்கவில்லை, பறந்துகொண்டிருந்தேன்.

எங்கள் கேள்விக்கு இதன் பதில் விசித்திரமானது. புது வார்ஃப்ரேம் (நாம் ஆடும் கவச உருவத்துக்கும் அதே பெயர்தான்) ஒன்றைச் செய்ய அதன் பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு மணி நேரம், எல்லாவற்றையும் சேர்த்து முழு உருவமாக்க மூன்று நாள், நிஜ நாள். நாம் வராவிட்டாலும் பட்டறையில் வேலை நடந்துகொண்டிருக்கும். இரண்டு வாரம் கழித்து வருகிறவனுக்காக ஏதோ ஒன்று தயாராகிக் காத்திருக்கும்! மிஷன்களும் பெரும்பாலும் சின்னவை. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்து போகலாம். எங்கள் புது அப்பாவின் அட்டவணைக்கு இதைவிடப் பொருத்தமான கேம் இல்லை என்றுதான் முதலில் நினைத்தோம்.

ஆனால் சேர்ந்து ஆடினால் கதை வேறு. தினமும் ஆடுகிறவன் ஒரு வாரம் முன்னால் ஆரம்பித்துவிட்டான். நான் கதவைத் திறப்பதற்குள் அவன் அடுத்த அறையையும் முடித்திருப்பான். தரையில் கிடக்கும் உடல்களைப் பார்த்துக்கொண்டே ஓடி, வெளியேறும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் 'மிஷன் வெற்றி' என்று வருகிறது. என்ன வெற்றி, யார் வெற்றி? லூட், அதாவது விழுந்த சாமான், எல்லாம் எனக்கும் வந்துவிட்டது, நான் மட்டும் எங்கேயும் இல்லை. மோட் அட்டைகள், மாஸ்டரி ரேங்க், பிளாட்டினம் என்று கற்றுக்கொள்ள வேண்டிய சொற்களும் ஒரு அகராதி அளவு. தனியாக நிதானமாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இது சுரங்கம். அல்லது மூன்று பேரும் ஒரே நாளில் ஆரம்பித்து, ஒரே வேகத்தில் போவோம் என்று சத்தியம் செய்துகொள்ள வேண்டும். எங்களில் ஒருவனால் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற முடியாது என்று எல்லோருக்கும் தெரியும், அவன் உட்பட.

டெஸ்டினி 2

சுடுகிற உணர்வை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் இதற்குத்தான் முதல் பரிசு, சந்தேகமே இல்லை. 2001-இல் ஹேலோ என்ற ஷூட்டரைச் செய்த பன்ஜிதான் இதையும் செய்தது. கைத்துப்பாக்கியால் தலையில் அடித்தால் மஞ்சள் எண் தெறிக்கும், ஒரு 'டப்' சத்தம், கையில் சின்ன உதறல். அந்த மூன்றும் ஒரே கணத்தில் வருவதில் ஒரு போதை இருக்கிறது. டைட்டன், ஹண்டர், வார்லாக் என்று மூன்று வகுப்பு. வழக்கமான அணி மூன்று பேர், ரெய்டு என்ற கடினமான பெரிய கூட்டு ஆட்டத்துக்கு ஆறு.

சிக்கல் என்னவென்றால், இது 2017-இல் ஆரம்பித்த ஒரு நீண்ட தொடர்கதை. 2019 அக்டோபரில் அடிப்படை கேமை இலவசமாக்கினார்கள்; 2020 நவம்பரில் முதல் கதையான 'ரெட் வார்' உட்படப் பல பகுதிகளை கேமிலிருந்தே எடுத்துவிட்டார்கள். புதிதாக வருகிறவன் முதல் அத்தியாயம் கிழிந்த நாவலைக் கையில் வாங்குகிறான். யாரோ வந்து "நீ திரும்பிவிட்டாயா!" என்கிறார், யார் இவர் என்றே எனக்குத் தெரியாது. வரைபடத்தைத் திறந்தால் எதை முதலில் தொடுவது என்று புரியாமல் மூன்று பேரும் ஐந்து நிமிடம் மௌனமாக இருந்தோம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வாரப் பணிகள் புதுப்பிக்கப்படுகின்றன. வாரா வாரம் தவறாமல் வருகிறவர்களின் கேம் இது என்று அந்த ஒரு விஷயமே சொல்லிவிட்டது. வராதவனை அடிப்பதில்லை, ஆனால் அவனுக்காகக் காத்திருப்பதும் இல்லை. உங்களிடம் ஆறு பேர் இருந்து, அதில் ஒருவர் ஏற்கெனவே இதில் ஊறியவராக இருந்து, வழிகாட்டவும் தயாராக இருந்தால் ரெய்டுக்காகவே இதை எடுக்கலாம். எங்களிடம் அந்த ஒருவர் இல்லை.

மற்றவை

டிவிஷன் 2 பற்றிக் கொஞ்சம். 2019 மார்ச்சில் வந்தது. கொள்ளைநோயில் சரிந்துபோன வாஷிங்டன் டி.சி.தான் களம், வெள்ளை மாளிகைதான் தலைமையகம். காருக்குப் பின்னால் பதுங்கி, ட்ரோனை அனுப்பி, பக்கவாட்டில் ஒருவர் சுற்றி வரும் நிதானமான ஆட்டம். கவசம் போட்ட எதிரியைச் சுடும்போது கவசத் துண்டுகள் உடைந்து விழுவது கண்ணுக்குத் தெரிகிறது. எண் மட்டும் குறைவதைவிட அது எவ்வளவோ மேல். குறைந்த லெவல்காரரை மேலே ஏற்றிச் சமன் செய்யும் வசதியும் உண்டு. கிடைத்த சாமானைக் கொஞ்ச நேரத்துக்குள் அணியில் இருந்தவருக்குக் கொடுக்கவும் முடியும். குறை சொல்ல பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் நாலு மணி நேரத்தில் ஒருமுறைகூட யாரும் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அவுட்ரைடர்ஸ் இதற்கு நேர் எதிர். போலந்தின் பீப்பிள் கேன் ஃப்ளை செய்தது, 2021 ஏப்ரல். இதிலும் பதுங்கிக்கொள்ள இடம் இருக்கிறது, ஆனால் பதுங்கினால் சாவோம். டெவஸ்டேட்டரும் டிரிக்ஸ்டரும் எதிரியைப் பக்கத்தில் வைத்துக் கொன்றால்தான் உயிர் ஏறும். பைரோமான்சருக்குத் தன் நெருப்பு பட்டவன் சாக வேண்டும். டெக்னோமான்சருக்குச் சுடச் சுட ஏறும். முதல் இரண்டு மணி நேரம் ஆஹா ஓஹோ. மூன்று பேர் ஆட்டம், வாரா வாரம் வந்து ஆடியே ஆகவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் தனியாக ஆடக்கூட இணையத் தொடர்பு கட்டாயம், நான்காவது மணி நேரத்தில் ஒவ்வொரு சண்டையும் முந்தைய சண்டை மாதிரியே இருந்தது. வார இறுதி ஒன்றுக்கு நல்ல துணை.

"பார்டர்லேண்ட்ஸ் 4 வந்துவிட்டதே, ஏன் மூன்று?" என்று கேட்பீர்கள். 2025 செப்டம்பரில் வந்தது. கைரோஸ் என்ற புது கிரகம், பரந்த திறந்த உலகம், அவரவர் லூட், அவரவர் லெவல். எங்கள் கேள்விக்கு அதுவும் நல்ல பதில்தான் தருகிறது. ஆனால் கணினிக்கு அது கொடுக்கும் சுமை அதிகம். வந்த புதிதில் அதைப் பற்றி எழுந்த புகார்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்று பேர் அணியில் எந்த கேம் ஓடும் என்பதை முடிவு செய்வது மூன்றில் மோசமான கணினி. எங்களுடையது எது என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

முடிவுக்கு வந்த விதம்

வாக்கெடுப்பு என்று ஒன்று நடந்தது. நான் ரெம்னன்ட் 2-க்குப் போட்டேன். தினமும் ஆடுகிறவன் வார்ஃப்ரேமுக்கு. பட்டறையில் ஏற்கெனவே எதையோ வேகவைத்திருந்தான். புது அப்பா பார்டர்லேண்ட்ஸ் 3. ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று. பிறகு எங்கள் விதியை எடுத்து மறுபடி படித்தோம். அடிக்கடி வராமல் போகப்போகிறவன் யார்? அவன்தான். அப்படியென்றால் அவன் வாக்குக்குத்தான் எடை அதிகம். தினமும் ஆடுகிறவனுக்கு எந்த கேமும் சரி. வேண்டுமானால் மற்ற நாட்களில் தனியாக வார்ஃப்ரேமில் பறந்துகொள்ளட்டும், பறக்கிறான். அவனும் நானும் மட்டும் இருக்கும் இரவுகளில் ரெம்னன்ட் 2 போகிறது. இரண்டு பேருக்கு அது மூன்று பேருக்கு இருப்பதைவிடவும் நன்றாகவே இருக்கிறது, ஷாட்கன் ஒன்று குறைவு அல்லவா.

நீங்கள் இரண்டே பேர், இருவருக்கும் ஒரே நேரம் ஓய்வு, தோற்பதில் கோபம் வராது என்றால் இந்தக் கட்டுரையில் பாதியை மறந்துவிட்டு ரெம்னன்ட் 2 எடுங்கள். ஒரே அறையில் ஒரே கன்சோலில் ஆடுவதென்றால் திரையைப் பிரித்து ஆடும் வசதி பார்டர்லேண்ட்ஸ் 3-இல் உண்டு. வேறு வேறு கன்சோல், கணினி என்று சிதறிக் கிடப்பவர்களும் அதில் சேர்ந்து ஆடலாம். பிளேஸ்டேஷன்காரர்கள் மட்டும் அந்தக் கூட்டத்தில் 2022-இல்தான் சேர்ந்தார்கள்.

பார்டர்லேண்ட்ஸ் 3 ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல், புது அப்பா பதினாறு நாள் வரவில்லை. நாங்கள் இருவரும் அதற்குள் ஒன்பது லெவல் ஏறியிருந்தோம், கதையில் வேறு கிரகத்துக்கே போய்விட்டோம். போன சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு மைக்கில் ஒரு தொண்டைச் செருமல். எங்கே இருக்கிறோம், என்ன கதை, யாரைக் கொல்ல வந்திருக்கிறோம் என்று எதுவும் கேட்கவில்லை.

"டேய், கரடியை இறக்கு. ஏறிக்கிறேன்."